ஏழாம் எண் பாட்டில்

சாந்த்ரோல் ஒயின் போட்டியில் நடுவராக உட்காருகிறவர்களுக்கு விதிகள் அதிகமில்லை. சென்ட் பூசிக்கொண்டு வரக்கூடாது. காப்பி குடித்த வாயோடு வரக்கூடாது. மேஜையில் வைத்திருக்கும் ரொட்டி நாக்கைத் துடைக்கத்தானே தவிர, பசியாற அல்ல. இதையெல்லாம் ஆளாளுக்கு மீறுவார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை. விதி என்று சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான். உன் சொந்த ஒயின் உன் மேஜைக்கே வந்துவிட்டது என்று உன் நாக்கு சொன்னால், அந்த நிமிஷமே கையைத் தூக்க வேண்டும். பாட்டில் வேறு மேஜைக்குப் போய்விடும். கையைத் தூக்காமல் இருந்துவிட்டு அந்த ஒயினுக்குப் பரிந்து பேசினால், பேசியவரும் போனார், அந்த ஒயினின் மெடலும் போனது.

சோலான்ஜ் வெர்னே அந்த மேஜைகளில் உட்கார ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. அவள் வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவள் நாக்கு பொய் சொல்லாது என்பதும் ஊரறிந்த விஷயம். கையைத் தூக்க வேண்டிய நிலைமை அவளுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, யாருடையது என்று தெரியாதபடி கறுப்புத் துணி உறை போட்ட ஏழாம் எண் பாட்டிலில் இருந்து அவள் கிளாசில் ஊற்றினார்கள். வெள்ளை ஒயின். மூக்கருகில் கொண்டுபோனதுமே அவளுக்குத் திக்கென்றது. மழை பெய்து ஓய்ந்த கருங்கல்லின் வாசம். வாயில் வைத்தாள். முதலில் ஒன்றுமே சொல்லாமல் முரண்டு பிடித்தது, பிறகு மெல்ல விரிந்தது, கடைசியில் எலுமிச்சைத் தோலைக் கடித்ததுபோல் ஒரு சுருக். இந்தச் சுருக்கை அவளுக்குத் தெரியாதா? ரோஷ்நுவார் சரிவில் அவள் பயிர் செய்யும் பாதியில் விளைந்து, அவள் நிலவறையில் குளிர்காலம் முழுக்கக் கிடந்து, வாரம் தவறாமல் அவள் நக்கிப் பார்த்து வளர்ந்த ஒயின். வெள்ளை ஒயின்களை இரண்டு மேஜைகளுக்குப் பிரித்ததில் இது தவறான மேஜைக்கு வந்து தொலைத்திருக்கிறது.

வலது கை தானாக மேலே போகப் பார்த்தது. அவள் அதை இடது கையால் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள்.

காரணம் மதாம் வோதுரே. ரோஷ்நுவார் சரிவு முழுக்க அந்த அம்மாளுக்குச் சொந்தம். லியோனில் இருக்கிறாள், வருஷத்துக்கு இரண்டுமுறை நல்ல செருப்போடு வந்து, நிலத்தில் கால் வைக்காமல் பார்த்துவிட்டுப் போவாள். மேல்பாதி சோலான்ஜுக்கும் கீழ்ப்பாதி ஃபெர்னான் தெலோர்முக்கும் குத்தகை. ஈஸ்டருக்கு வந்தபோது அவள் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டாள்: ஒரே சரிவுக்கு இரண்டு பெயர் எதற்கு, வாங்குகிறவனுக்குக் குழப்பம், இந்த வருஷம் சாந்த்ரோலில் யார் மெடல் வாங்குகிறார்களோ அவர்களுக்கே முழுச் சரிவும், மற்றவர் நவம்பரில் காலி செய்துகொள்ளலாம். ஏதோ பழைய அலமாரியை யாருக்குக் கொடுப்பது என்று பேசுகிற குரலில் சொன்னாள்.

சோலான்ஜுக்கு அந்த மேல்பாதியைத் தவிர வேறு நிலம் இல்லை. அது போனால் ஐம்பத்து மூன்று வயதில் அடுத்தவன் திராட்சைக் கொடிக்குக் கூலிக்குக் கிளை வெட்டப் போக வேண்டியதுதான். பாட்டில் வேறு மேஜைக்குப் போனால் அங்கே அதற்காகப் பேச ஆளிருக்காது.

மேஜைக்குத் தலைவர் முசியே காத்தோ ஒயினைத் துப்புவாளியில் துப்பிவிட்டு உதட்டைச் சுழித்தார். பெரிய வியாபாரக் கம்பெனி ஒன்றில் ஒயின்களுக்கு வைத்தியம் பார்க்கிற மனிதர். அழகாகத் துப்புவார்.

"கடைசியில கசக்குது. தள்ளிடலாம். எட்டாம் நம்பரை ஊத்துங்க."

"எங்க கசக்குது?" என்றாள் சோலான்ஜ்.

"நாக்குக்கு அடியில, மதாம்."

"அது கசப்பு இல்ல, கல்லு. காலையில பல்லு விளக்கிட்டு வாய் கொப்பளிச்சீங்களா இல்லியா?"

லியோனில் சாப்பாட்டுக்கடை நடத்துகிற மதாம் பிவே கிளாசுக்குள் சிரித்தாள். நான்காவது நடுவர் முசியே ஷெர்மெத் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் சரி என்று நம்புகிற நல்ல மனிதர்.

"மதாம் வெர்னே, இன்னும் எவ்வளவோ பாட்டில் பாக்கி இருக்கு" என்றார் காத்தோ.

"இருக்கட்டுமே. வாழைப்பழ மிட்டாய் வாசனை அடிக்குற எதுக்காவது தங்கம் குடுத்துட்டுச் சாப்பிடப் போகணும், அதானே உங்க அவசரம்? வருஷா வருஷம் அதைத்தானே பண்றோம். ஒரு ஒயின் வாயைத் திறந்து நிஜம் பேசினா உடனே கசப்புன்னு தள்ளிடுறது." அவள் மேஜையில் ஓங்கி அடித்தாள். துப்புவாளி குலுங்கியது. "கிளாசைக் கையில வச்சுக் கொஞ்சம் சூடு ஏத்துங்க. ரொட்டி தின்னுங்க. அப்புறம் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. அப்பவும் கசந்துச்சுன்னா நானே வாளியில ஊத்துறேன்."

பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன. தொல்லை விட்டால் போதும் என்று மூவரும் கிளாசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்கள். ரொட்டியை மென்றார்கள். மறுபடி குடித்தார்கள். முதலில் மதாம் பிவேயின் முகம் மாறியது.

"அட, இப்ப பூப்பூவா வருதே. ஆத்து மீனுக்கு இதை வச்சா ஜனம் எந்திரிச்சுப் போகாது."

"எனக்கும் அப்படித்தான் பட்டுது" என்றார் ஷெர்மெத்.

காத்தோ மூன்றாவது முறை குடித்தார். இந்தத் தடவை துப்பவில்லை. அதைச் சோலான்ஜ் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவருக்குக் காது சிவந்துவிட்டது. தங்கம் என்று நான்கு பேரும் கை தூக்கினார்கள். அவள் கையும் இந்தத் தடவை தடையில்லாமல் மேலே போனது. உறுத்தாமல் இல்லை. ஆனால் உறுத்தலைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

அன்று மதியம் சந்தைக் கூடத்தின் வாசலில் முடிவுகளை ஒட்டினார்கள். அவள் கணவன் பிரோஸ்பேர் கூட்டத்துக்குள் தோளை நுழைத்துப் பார்த்துவிட்டு வந்தான். மெதுவாக வந்தான். அவன் மெதுவாக வந்தால் விஷயம் நல்லதில்லை.

"ரோஷ்நுவாருக்குத் தங்கம் கிடைச்சிருக்கு" என்றான்.

"கிடைக்காம? நான் சொல்லல?"

"ஃபெர்னானுக்கு."

அவள் நம்பவில்லை. தானே போய்ப் பார்த்தாள். ஏழாம் எண், தங்கம், ஃபெர்னான் தெலோர்ம். இரண்டு தடவை படித்தும் எழுத்து மாறவில்லை. போட்டிக்காரர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவள் ஒயின் அவள் மேஜைக்கு வராமல் ஒழுங்காகப் பக்கத்து மேஜைக்குத்தான் போயிருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த ஒருவனைப் பிடித்துக் கேட்டாள். "ஒண்ணு கடைசியில கசந்துச்சு, தள்ளிட்டோம், அப்புறம் உறையை எடுத்துப் பாத்தா ரோஷ்நுவார்" என்றான் அவன், பாவம், எதிரில் இருப்பது யார் என்று தெரியாமல். அந்த மேஜையில் மேஜையை அடிக்க ஆளில்லை.

ஃபெர்னானின் ஒயினை அவள் பாத்திரம் கழுவின தண்ணீர் என்றுதான் இருபது வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறாள். அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அந்த ஒயினுக்காகத்தான் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறாள். வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அதைப் பிரோஸ்பேரிடம் கொட்டினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்கான ருசிபார்ப்புச் சந்தை. பாட்டில் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வரும்போது பிரோஸ்பேர் பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டினான்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படாத."

"அப்ப சொல்லாத."

"காத்தோகிட்ட போய் நிஜத்தைச் சொல்லிடு. என்னோடதுன்னு நினைச்சேன், கையைத் தூக்கல, அப்படின்னு. அவன் மெடல் ரத்தாயிடும். யாருக்கும் மெடல் இல்லன்னா கிழவி யாரையும் காலி பண்ணச் சொல்ல முடியாது. உன்னை நடுவரா இனிமே கூப்பிட மாட்டாங்க, அவ்வளவுதானே? நிலம் தப்பிச்சுரும்."

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டியது; நிலத்தை வைத்துக்கொள்ள வேண்டியது. இதைவிடச் சுலபமான புண்ணியம் எங்கே கிடைக்கும்? அதனாலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஒயின் நல்ல ஒயின், பிரோஸ்பேர்."

"யாரு இல்லன்னா?"

"என்னோடதுன்னு நினைச்சதனால நல்லா இருக்குன்னு சொல்லல. நல்லா இருந்துச்சு, சொன்னேன். இப்ப போய் ரத்து பண்ணச் சொன்னா என் நாக்குக்கு என்ன மரியாதை? நிலத்தையும் குடுத்துட்டு நாக்கையும் குடுக்கச் சொல்றியா? வண்டியை எடு."

"வீம்பு புடிச்சவ" என்றான் அவன், வண்டியை எடுத்தபடி.

"தெரிஞ்சுதானே கட்டிக்கிட்ட."

சந்தையில் கடைகளைச் சரிவு வாரியாகப் போடுவார்கள். அதனால் ரோஷ்நுவார்க்காரர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில். பத்து மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. வாசலில் வாங்கின கிளாசைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஜனங்கள் ஆடு மேய்வதுபோல் கடை கடையாக மேய்ந்தார்கள். ஃபெர்னானின் பாட்டில்களில் தங்க வில்லை பளபளத்தது. அவன் முன்னால் மூன்று வரிசை ஆள். ஒரு தோள்பட்டை சரியில்லாத அவனால் ஊற்றி மாளவில்லை. சோலான்ஜின் மேஜைக்கு முன்னால் ஆட்டுப்பால் சீஸ் தின்றுகொண்டு ஒரு தம்பதி மட்டும் நிழலுக்கு ஒதுங்கினதுபோல் நின்றார்கள்.

அவள் நாற்காலி மேல் ஏறினாள்.

"மெடல் இல்லாத ஒயின்! வில்லை ஒட்டாத ஒயின்! கண்ணால குடிக்கிறவங்க எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போங்க, நாக்கால குடிக்கிறவங்க இங்க வாங்க!"

சிரித்துக்கொண்டு சிலர் வந்தார்கள். ஃபெர்னான் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் முகத்தில் தங்கம் வாங்கினவனின் களை இல்லை, ஏதோ திருட்டுக் கோழியைச் சட்டைக்குள் மறைத்தவன்போல் ஒரு தவிப்பு. அவளுக்கு அது அப்போது புரியவில்லை.

பதினொரு மணி வாக்கில் மதாம் வோதுரே வந்தாள். கூடவே காத்தோ. நிலச் சொந்தக்காரியைக் கூட்டத்தில் இடிபடாமல் அழைத்து வருவதைப் பெரிய மரியாதையாக நினைத்து வந்தார் அவர்.

"மதாம் வெர்னே, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றாள் வோதுரே. "சொன்னது சொன்னபடி. நவம்பர்ல தெலோர்ம் எடுத்துக்கட்டும். அதுவும் இல்லாம, முசியே காத்தோ எல்லாம் சொன்னார். இந்தத் தங்கத்தைச் சண்டை போட்டு வாங்கிக் குடுத்ததே நீங்கதானாமே? மேஜையை உடைக்கப் பாத்தீங்களாமே?" அவள் சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தாள். "அப்ப, உங்க ஒயினைவிட அவரோடது ஒசத்தின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. எனக்கும் நிம்மதி. வாங்க, ரெண்டு பேரும் கை குடுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

நிலம் போவதைச் சோலான்ஜ் இரவெல்லாம் விழுங்கிப் பார்த்து, ஒருவாறு விழுங்கியும் இருந்தாள். இது தொண்டையில் நின்றது.

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்?"

"நீங்கதானே தங்கம் குடுத்தீங்க?"

"குடுத்தேன். என்னோடதுன்னு நினைச்சுக் குடுத்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பிரோஸ்பேர் கண்ணை மூடிக்கொண்டான். ஃபெர்னான் ஊற்றிக்கொண்டிருந்த கிளாஸ் நிரம்பி வழிந்து யாரோ ஒருவரின் சட்டைக் கையில் ஓடியது.

காத்தோவின் குரல் தாழ்ந்துவிட்டது. "என்னம்மா சொல்றீங்க? உங்க ஒயின்னு நினைச்சீங்க, கையைத் தூக்கல?"

"ஆமா."

"தெரிஞ்சே உக்காந்து பேசினீங்க?"

"ஆமான்னு சொல்றேன்ல. எத்தனை தடவை சொல்லணும்?"

"அப்ப தங்கம் நிக்காது. விதி அதுதான்."

கூட்டத்தில் ஒரு முனகல். "பொறாமை, வேற என்ன" என்றது ஒரு குரல். "அவனுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு பண்றா" என்றது இன்னொன்று. ஃபெர்னான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வில்லையைப் பார்த்தபடி நின்றான். நிலம் இனித் தன் கையைவிட்டுப் போகாது என்பது சோலான்ஜுக்குப் புரிந்தது. பேசாமல் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அந்த ஒரு வித்தையை மட்டும் அவள் கற்றுக்கொண்டதே இல்லை.

"விதி என்னைப் புடிக்கட்டும், ஒயினை எதுக்குப் புடிக்குது?" என்றாள். "என் ஓட்டை அடிச்சுத் தள்ளுங்க. மத்த மூணு பேரும் இங்கதானே சுத்திக்கிட்டு இருக்கீங்க? மறுபடி ருசி பாருங்க. இங்கயே, இத்தனை பேர் முன்னாடி. நான் இல்லாம."

"எதுக்கு?" என்று பதறினான் ஃபெர்னான். இருபத்து நான்கு மணி நேரத்தில் அவன் அவளிடம் பேசின முதல் வார்த்தை அது. "நேத்து நீ கத்தினதுல குடுத்தாங்க. இன்னைக்குக் குடுக்கலன்னா? ஊர் முன்னாடி என் மானம் போகணுமா?"

"பயமா இருக்கா?"

"இருக்காதா பின்ன?"

"உன் ஒயின் மேல உனக்கு நம்பிக்கை இல்லியா? எனக்கு இருக்குடா, முட்டாளே!"

மதாம் பிவேயை நத்தைக் கடையிலிருந்தும் ஷெர்மெத்தை வாசல் பெஞ்சிலிருந்தும் கூட்டி வந்தார்கள். வாசலில் கிளாஸ் விற்கிற பெண் மூவருக்கும் பின்னால் நின்று, தங்கம் வாங்கின வேறு இரண்டு சரிவுகளின் ஒயினோடு ஃபெர்னானுடையதையும் உறை போட்டு, வரிசையைக் கலைத்து ஊற்றினாள். எதெது தங்கத்துக்குத் தகும் என்று சொல்ல வேண்டும். மூவரும் ஒத்துச் சொன்னால்தான் செல்லும்.

"ஒரு நிபந்தனை" என்றார் காத்தோ. "மதாம் வெர்னே வாயைத் திறக்கக் கூடாது. இருமக்கூடக் கூடாது."

"அதுக்குத் தலையை வெட்டுற கிலோட்டினே தேவலை" என்றான் பிரோஸ்பேர்.

சோலான்ஜ் மேஜையில் இருந்த ரொட்டியில் பெரிய துண்டாக ஒன்றைப் பிய்த்து வாய் நிறைய அடைத்துக்கொண்டாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

மூவரும் முகர்ந்தார்கள், குடித்தார்கள், துப்பினார்கள். நடுக் கிளாஸ்தான் ரோஷ்நுவார் என்று அவள் இரண்டடி தள்ளி நின்றே நிறத்தில் கண்டுகொண்டாள். காத்தோ அதைக் குடித்துவிட்டு நேற்றுப்போலவே உதட்டைச் சுழித்தார். எது நடக்க வேண்டும் என்று அவளுக்கே குழப்பம். தள்ளிவிட்டால் அவளுக்கு நிலம். அவள் கொடிகள், மேல்பாதியில் வெயில் முதலில் வந்து விழும் அந்த மூலை, எல்லாம் அவளுக்கே. தள்ளு, தள்ளு என்று ஒரு மனம் கெஞ்சியது. முட்டாளே, சூடு ஏத்துடா, கையில் வைத்துச் சூடு ஏத்து என்று இன்னொரு மனம் ரொட்டிக்குப் பின்னால் அலறியது.

மதாம் பிவே நடுக் கிளாசை எடுத்தாள். சொல்லாமலே உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து ஷெர்மெத்தும். காத்தோ மட்டும் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு, எரிச்சலோடு, அவரும் வைத்துக்கொண்டார்.

மறுபடி குடித்தார்கள்.

"முதலாவது வெள்ளி, அதுக்கு மேல இல்ல" என்றாள் பிவே. "மூணாவது எனக்குப் பிடிக்கல. நடுவுல இருக்கறது தங்கம்."

"தங்கம்" என்றார் ஷெர்மெத். இந்தத் தடவை யாரையும் பார்க்காமல் சொன்னார்.

காத்தோ கிளாசை வெளிச்சத்தில் பார்த்தார், வாயில் வைத்தார், விழுங்கினார்.

"தங்கந்தான். போய்த் தொலையட்டும்."

"சொன்னேனா இல்லியா!" என்று ரொட்டித் துகள் தெறிக்கக் கத்தினாள் சோலான்ஜ். இரண்டு கையாலும் மேஜையை அடித்தாள். "கசப்பாம் கசப்பு! சொன்னேனா இல்லியா!"

கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. யாரோ கை தட்டினார்கள். அவள் சந்தோஷத்தில் திரும்பிப் பிரோஸ்பேரைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நடுவர் நாற்காலி போயிற்று, நிலமும் போயிற்று, இரண்டையும் தன் வாயாலேயே கொடுத்தாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. மதாம் வோதுரேயின் முன்னால் அழுவதைவிடச் செத்துப் போகலாம் என்று மீதி ரொட்டியை வேகவேகமாக மென்றாள்.

வோதுரே கைப்பையைத் திறந்துகொண்டே ஃபெர்னானிடம் போனாள். "நல்லது, எல்லாம் தெளிவாயிடுச்சு. நவம்பர்ல இருந்து முழுச் சரிவும் உங்களோடது, முசியே தெலோர்ம்."

"வேண்டாம்" என்றான் ஃபெர்னான்.

"என்னது?"

அவன் அவளுக்குப் பதில் சொல்லாமல் சோலான்ஜ் பக்கம் வந்தான். சரியில்லாத தோளைத் தடவிக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினான்.

"போன வருஷம் நீ எப்ப பறிச்சியோ, அதுக்கு மறுநாள் நான் பறிச்சேன். நீ இலையைக் கிள்ளின பக்கத்துல நானும் கிள்ளினேன். புளிக்க வைக்க நீ கடையில ஈஸ்ட் வாங்கலன்னு தெரிஞ்சு நானும் வாங்கல. நம்ம நடுச்சுவர் மேல எட்டி எட்டிப் பாத்துப் பண்ணினதுதான் அத்தனையும்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"திருட்டுப் பயலே!"

"ஆமா."

"இருபது வருஷமா இப்படிப் பண்ணுன்னு நான் சொன்னப்ப எல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனியேடா!"

"நீ சொன்னா எரிச்சலா வரும். பாத்தா வரல." அவன் தலையைச் சொறிந்தான். "இப்ப நீ போயிட்டா நான் யாரைப் பாத்துப் பண்றது?"

பிரோஸ்பேர் முதலில் சிரித்தான். சோலான்ஜ் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம் கொழுந்துவிட்டு எரிந்தது. அந்தக் கோபத்தில் நேற்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்த வெட்கம் முழுக்க எரிந்து போனது. அவள் நாக்கு தப்புப் பண்ணவில்லை. அவள் வேலையைத்தான் அது அடையாளம் கண்டிருக்கிறது, அது எவன் பாட்டிலில் கிடந்தால் என்ன?

ஃபெர்னான் வோதுரேயிடம் திரும்பினான். "எனக்கு என் பாதி போதும், மதாம். மேல்பாதி அவகிட்டயே இருக்கட்டும். இல்லன்னா என் பாதியையும் எடுத்துக்குங்க."

"மெடல் வாங்கினவங்களுக்குன்னு நான் சொன்னேனே! இது என்ன கூத்து? வேற ஆளுக்குக் குடுக்க எனக்குத் தெரியாதா?"

"தாராளமா குடுங்க" என்றாள் சோலான்ஜ், எழுந்து நின்று. குரல் பழையபடி திரும்பிவிட்டது. "அந்தச் செங்குத்துல டிராக்டர் ஏறாது. கூடையை முதுகுல சுமந்துதான் ஏறணும். லியோன்ல நல்ல செருப்புப் போட்ட ஆளா பாத்துக் கூட்டிட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் கீழ உக்காந்து வேடிக்கை பாக்குறோம்."

வோதுரே காத்தோவைப் பார்த்தாள். காத்தோ அவசரமாகத் தன் கிளாசில் எதையோ தேடினார். சுற்றி நின்ற ஒயின்காரர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவரும் அந்தச் சரிவு எனக்கு வேண்டும் என்று முன்னால் வரவில்லை. வராது போனதற்குச் சரிவின் செங்குத்து பாதிக் காரணம், சோலான்ஜின் வாய் மீதிக் காரணம்.

"பழையபடியே இருங்க, போங்க" என்றாள் கடைசியில், கைப்பையைச் சட்டென்று மூடி. "ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் சரிதான்."

அவள் போனதும் கூட்டம் இரண்டு கடைகளையும் சேர்த்துச் சூழ்ந்துகொண்டது. தங்கத்தை ஒரு வாய், தங்கத்தின் தாயை ஒரு வாய் என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். கிளாஸ்கள் நாலா பக்கமிருந்தும் நீண்டன. ஃபெர்னான் தன் கிளாசைக் கழுவிக்கொண்டு வந்து அவள் முன்னால் நீட்டினான். அவள் ஊற்றினாள், விளிம்பு வரைக்கும், மரியாதை தெரியாதவர்களுக்கு ஊற்றுகிற மாதிரி. அவன் கையில் வைத்துச் சூடு ஏற்றினான். குடித்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"என்னோடதைவிட நல்லா இருக்கு" என்றான்.

"இருக்காம? இந்த வருஷம் இன்னும் நல்லாப் பண்ணுவேன். ஆனா சுவரை ரெண்டு முழம் ஒசத்திட்டுத்தான் பண்ணுவேன்."

"ஏணி இருக்கு எங்கிட்ட."

"ஒரு தோளை வச்சுக்கிட்டு ஏறு, பாப்போம்" என்றாள் சோலான்ஜ், அடுத்த கிளாசுக்கு ஊற்றிக்கொண்டே.